செஸ் ஸ்டடியை இன்ஜின் வைத்துச் சரிபார்ப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இறுதியாட்ட ஸ்டடிகளைத் தீர்ப்பது, பழையவற்றை இன்ஜினில் (செஸ் ஆடும் மென்பொருளில்) போட்டுப் பார்ப்பது, அவ்வப்போது சொந்தமாக ஒன்றை அமைக்க முயல்வது என்று எனக்குப் பல வருடங்கள் ஓடிவிட்டன. நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். கட்டங்களை ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, ஹெச் என்று தமிழிலேயே எழுதியிருக்கிறேன். மூலையில் நிற்கும் காயை யானை என்கிறேன். சிலர் அதைக் கோட்டை என்பார்கள், ஆனால் கோட்டை என்ற சொல் எனக்கு இங்கே வேறொரு பொருளில் தேவைப்படுகிறது.

ஸ்டடி என்றால் என்ன? "மூன்று நகர்வில் மேட்" புதிரும் இதுவும் ஒன்றா?

இரண்டும் வேறு. மேட் புதிரில் நகர்வுக் கணக்கு உண்டு. ஸ்டடியில் கிடையாது. "வெள்ளை ஆடி ஜெயிக்க வேண்டும்" அல்லது "வெள்ளை ஆடி டிரா செய்ய வேண்டும்" என்று மட்டும் சொல்லியிருப்பார்கள். பார்த்தால் நிஜ ஆட்டத்தின் கடைசிக் கட்டம் போலவே இருக்கும், ஆனால் ஒருவர் யோசித்து யோசித்துக் கட்டிய நிலை அது.

முக்கியமான நிபந்தனை ஒன்றுதான். வெள்ளைக்கு வழி ஒன்றே ஒன்று இருக்க வேண்டும். கருப்பு எத்தனை விதமாகவும் தடுக்கலாம், அதில் குற்றமில்லை. ஆனால் முக்கியமான ஒவ்வொரு தடுப்புக்கும் வெள்ளையிடம் ஒரே பதில்தான் இருக்கலாம். சரிபார்ப்பது என்றால் இந்த "ஒரே" என்பது உண்மைதானா என்று பார்ப்பது.

ஒரு ஸ்டடி "உடைந்துவிட்டது" என்று எப்போது சொல்வோம்?

இரண்டு விதமாக உடையும். கருப்பிடம் ஆசிரியர் கவனிக்காத ஒரு தடுப்பு இருந்தால் தீர்வே இல்லை என்றாகிவிடும். வெள்ளைக்கு ஆசிரியர் நினைக்காத இன்னொரு வழி இருந்தால் மாற்றுத் தீர்வு. இந்த இரண்டாவதை உலகம் முழுக்க "குக்" என்கிறார்கள், நாமும் அப்படியே சொல்லலாம்.

இவற்றைவிடச் சின்னதாக ஒன்று உண்டு, அதன் பெயர் டூவல். முக்கிய வரிசையின் நடுவிலோ கிளை வரிசையிலோ வெள்ளைக்கு இரண்டு நகர்வுகள் பலிப்பது. சில டூவல்கள் ஸ்டடியைக் கெடுத்துவிடும், சிலவற்றை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். எது எந்த வகை என்று தீர்மானிப்பதில்தான் இன்ஜினின் வேலை முடிந்து நம் வேலை ஆரம்பிக்கிறது.

ஒரு உதாரணத்தோடு சொல்ல முடியுமா?

தாராளமாக. சாவெத்ரா நிலையை எடுத்துக்கொள்வோம். வெள்ளை: ராஜா பி6, சிப்பாய் சி6. கருப்பு: ராஜா ஏ1, யானை டி5. மொத்தம் நான்கே காய்கள். வெள்ளை ஆடி ஜெயிக்க வேண்டும்.

1895-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்துப் பத்திரிகை ஒன்றில் செஸ் பகுதி எழுதிவந்த பார்பியே, இந்த ஆட்டக்கருவை டிரா என்று வெளியிட்டார். அந்த ஊரில் வசித்த ஸ்பானியப் பாதிரியார் ஃபெர்னாண்டோ சாவெத்ரா, "இல்லை, வெள்ளை ஜெயிக்கும்" என்று காட்டினார். இன்று நாம் இன்ஜினோடு செய்யும் வேலையை அவர் வெறும் மூளையால் செய்தார். அதோடு அந்த டிராவும் உடைந்தது. உடைந்ததிலிருந்து செஸ் உலகமே மனப்பாடமாகச் சொல்லும் ஸ்டடி ஒன்று பிறந்தது.

தீர்வு இப்படிப் போகும். வெள்ளை சிப்பாய் சி7, கருப்பு யானை டி6-இல் செக். ராஜா பி5 (பி7-க்குப் போனால் யானை டி7-க்கு வந்து சிப்பாயைக் கட்டிப்போட்டுவிடும்). யானை டி5 செக், ராஜா பி4. யானை டி4 செக், ராஜா பி3. யானை டி3 செக், ராஜா சி2. செக் எல்லாம் தீர்ந்தது, அடுத்த நகர்வில் ராணி வரப்போகிறது. அப்போது கருப்பு யானை டி4-க்கு இறங்குகிறது. வெள்ளை அவசரப்பட்டு சி8-இல் ராணி எடுத்தால் யானை சி4-இல் செக், ராணி யானையை வெட்டியே ஆக வேண்டும், கருப்பு ராஜாவுக்கு செக் இல்லை, ஆனால் நகரவும் இடமில்லை. அதாவது ஸ்டேல்மேட், ஆட்டம் டிரா. பார்பியே நின்ற இடம் அதுதான்.

சாவெத்ரா சி8-இல் ராணிக்குப் பதில் யானையை எடுத்தார். ஏ8-இல் மேட் மிரட்டல். கருப்பு யானை ஏ4-க்கு வந்து தடுக்க வேண்டும், வேறு வழியில்லை. வெள்ளை ராஜா பி3. இப்போது யானைக்கும் குறி, சி1-இல் மேட்டுக்கும் குறி. இரண்டையும் ஒரே நகர்வில் சமாளிக்க முடியாது.

இதை டேபிள்பேஸில் (குறைந்த காய்கள் உள்ள எல்லா நிலைகளின் முடிவையும் சேமித்துவைத்த தரவுத்தளம், பின்னால் விளக்குகிறேன்) போட்டு, கருப்பு யானை டி4-இல் செக் கொடுத்த இடத்தில் நிறுத்துங்கள். வெள்ளைக்கு வெற்றி தரும் நகர்வு ஒன்றல்ல என்று அது சொல்லும். ராஜா பி3 சரி. ராஜா சி3 ஜெயிக்கும் என்றும் காட்டும். ராஜா பி5-க்குத் திரும்பினாலும் வெற்றிதான் என்று காட்டும். முதன்முதலில் இதைப் பார்ப்பவர் "ஐயோ, சாவெத்ராவே உடைந்துவிட்டதா" என்று பதறுவார்.

பதற வேண்டாம். ராஜா சி3 ஆடினால் கருப்பு யானை டி1, ராஜா சி2, யானை டி4. நாம் முன்பு பார்த்த அதே நிலை, அதே எண்ணிக்கையில். வேறு சந்து வழியாக அதே தெருவுக்குத்தான் வந்திருக்கிறோம். ராஜா பி5 ஆடினால் யானை டி5-இல் மறுபடி செக், ராஜா மறுபடி பி4. ஒரு சுற்று சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்தாயிற்று. சி8-இல் யானை எடுக்கும் அந்த உச்சத்தை இரண்டு வழியும் தவிர்க்கவில்லை. அதனால்தான் நூற்றாண்டுக்கும் மேலாக இந்த ஸ்டடி நிமிர்ந்து நிற்கிறது. "வெற்றி, வெற்றி, வெற்றி" என்று மூன்று வரி காட்டுவதோடு டேபிள்பேஸ் நின்றுகொள்ளும். மூன்றும் ஒரே வெற்றியா வெவ்வேறு வெற்றியா என்று பலகையில் ஆடிப் பார்த்துச் சொல்ல வேண்டியது நாம்.

அப்படியானால் எந்த டூவலைத்தான் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டும்?

நான் மூன்று விஷயங்களைப் பார்ப்பேன். அந்த மாற்று வழி ஸ்டடியின் உயிரான நகர்வைத் தாண்டிக் குதிக்கிறதா? குதித்தால் ஸ்டடி முடிந்தது. முக்கிய வரிசையில் இருக்கிறதா, ஓரக் கிளையில் இருக்கிறதா? அப்புறம், கதை முடிந்த பிறகு வருகிறதா? ஆட்டம் தீர்ந்து, வெறும் ராணி வைத்து மேட் செய்யும் இடத்தில் பத்து வழி இருந்தாலும் யாரும் கேட்கப் போவதில்லை.

1921-இல் ரிச்சர்ட் ரேட்டி வெளியிட்ட புகழ்பெற்ற நிலையிலும் இப்படி ஒன்று உண்டு. வெள்ளை: ராஜா ஹெச்8, சிப்பாய் சி6. கருப்பு: ராஜா ஏ6, சிப்பாய் ஹெச்5. வெள்ளை டிரா செய்ய வேண்டும். ராஜா ஜி7, ஹெச்4, ராஜா எஃப்6 என்று குறுக்கே நடந்து, தன் சிப்பாயை நெருங்குவதும் எதிராளியின் சிப்பாயைத் துரத்துவதும் ஒரே நடையில் நடக்கிறது. இந்த இடத்தில் கருப்பு ஹெச்3 என்று ஓடினால் ராஜா இ6-க்கும் போகலாம், இ7-க்கும் போகலாம். டூவல்தான். ஆனால் அந்த மூலைவிட்ட நடையின் அழகை அது துளியும் குறைக்கவில்லை.

இன்ஜினும் டேபிள்பேஸும் ஒன்றா?

இல்லை. இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். ஸ்டாக்ஃபிஷ் போன்ற இன்ஜின் தேடிப் பார்த்து மதிப்பிடுகிறது. அது சொல்வது ஒரு கருத்து, எவ்வளவு பலமான கருத்தாக இருந்தாலும். டேபிள்பேஸ் அப்படியல்ல. மேட் நிலைகளிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, குறிப்பிட்ட எண்ணிக்கைக் காய்களுக்குள் சாத்தியமான எல்லா நிலைகளுக்கும் வெற்றியா, டிராவா, தோல்வியா என்று எழுதிவைத்த பேரேடு அது. அதன் பதிலோடு வாதாட முடியாது.

இரண்டையும் இணைத்துப் பயன்படுத்துவதுதான் வழக்கம். காய்கள் நிறைய இருக்கும்போது இன்ஜின் தேடும். வெட்டுகள் நடந்து எண்ணிக்கை குறைந்ததும் டேபிள்பேஸைத் திறந்து உறுதி செய்துகொள்ளும்.

எத்தனை காய்கள் வரை டேபிள்பேஸ் இருக்கிறது? வீட்டில் வைத்துக்கொள்ள முடியுமா?

ராஜாக்களையும் சேர்த்து ஏழு காய்கள் வரை. 1980-களில் கென் தாம்சன் ஐந்து காய் நிலைகளைக் கணக்கிடத் தொடங்கினார். ஏழு காய்களை முதலில் முடித்தது மாஸ்கோ பல்கலைக்கழகத்தின் லொமோனோசொவ் சூப்பர்கம்ப்யூட்டர், 2012-இல். அளவு சுமார் 140 டெராபைட். ரொனால்ட் டி மான் உருவாக்கிய சிசிஜி என்ற அமைப்பு இதை வெகுவாகச் சுருக்கியது. அதில் ஏழு காய்கள் 2018-இல் முடிந்தன, சுமார் 17 டெராபைட்.

வீட்டுக்கு எது சரிப்படும்? ஐந்து காய் சிசிஜி ஒரு ஜிபி கூட வராது. ஆறு காய்களுக்கு 150 ஜிபி அளவுக்கு இடம் வேண்டும், ஒரு நல்ல எஸ்எஸ்டி போதும். ஏழு காய்களை லிச்செஸ் தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம், செல்போனில் கூட. எட்டுக் காய்களுக்கு முழுமையான டேபிள்பேஸ் இன்னும் இல்லை.

ஒரு எச்சரிக்கை. டேபிள்பேஸில் கேஸ்லிங் கணக்கில் இல்லை. ராஜா இ1-இலும் யானை ஹெச்1-இலும் நிற்கும் ஸ்டடியாக இருந்தால், கேஸ்லிங் முடியாது என்று நிரூபிக்க முடியாதவரை அது அனுமதிக்கப்பட்டதாகவே ஸ்டடி விதிகள் கொள்ளும். நிலையை இன்ஜினில் ஏற்றும்போது அந்த உரிமையைச் சேர்க்க மறந்தால், ஆசிரியரின் தீர்வையே இன்ஜின் சட்டவிரோதம் என்று ஒதுக்கிவிடும்.

50 நகர்வு விதியால் வெற்றி டிரா ஆகிவிடாதா?

ஆட்டத்தில் ஆகும், ஸ்டடியில் ஆகாது. வேறுவிதமாகக் குறிப்பிடாதவரை ஸ்டடிகளுக்கு 50 நகர்வு விதி பொருந்தாது என்பது புதிர் அமைப்புக்கான சர்வதேச விதித்தொகுப்பின் நிலைப்பாடு.

இரண்டு குதிரை, எதிரே ஒரு சிப்பாய் என்ற முடிவை எடுத்துக்கொள்ளுங்கள். சிப்பாய் இல்லாவிட்டால் இரண்டு குதிரைகளால் மேட்டைக் கட்டாயப்படுத்த முடியாது, ராஜா ஸ்டேல்மேட்டில் தப்பிவிடும். எதிராளியிடம் சிப்பாய் இருந்தால், கடைசியில் அதற்கு ஒரு நகர்வு மிச்சமிருப்பதால் மேட் சாத்தியமாகிறது. அலெக்ஸி த்ரோயிட்ஸ்கி இதைக் கையாலேயே அலசி, சிப்பாய் எந்தக் கட்டத்தைத் தாண்டாமல் தடுக்கப்பட்டால் வெற்றி என்று ஒரு கோடு வகுத்தார். கம்ப்யூட்டர் வந்து சரிபார்த்தபோது அந்தக் கோடு நின்றது. சில நிலைகளில் மேட்டுக்கு 115 நகர்வுகள் தேவைப்படும் என்றும் தெரிந்தது. 1942-இல் லெனின்கிராட் முற்றுகையின்போது இறந்துபோன மனிதர் அவர். அவருடைய கணக்கை இயந்திரம் ஒப்புக்கொள்வதைத் திரையில் பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு மனம் நிறைந்துவிடும்.

செய்ய வேண்டியது இதுதான். ஸ்டாக்ஃபிஷ் அமைப்புகளில் "சிசிஜி 50 மூவ் ரூல்" என்று ஒன்று இருக்கும். அதை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் நீளமான வெற்றிகளை எல்லாம் டிரா என்று எடுத்துக்கொள்ளும். டேபிள்பேஸ் பக்கத்தில் "50 நகர்வு விதியால் டிரா ஆகும் வெற்றி" என்று வந்தால், ஸ்டடியைப் பொறுத்தவரை அது வெற்றிதான்.

ஆசிரியர் டிரா என்கிறார், இன்ஜின் +4 காட்டுகிறது. ஸ்டடி உடைந்துவிட்டதா?

இந்தக் கேள்விதான் எனக்கு அதிகம் வருகிறது. +4 என்றால் வெள்ளைக்குச் சுமார் நான்கு சிப்பாய் அளவு சாதகம், 0.00 என்றால் சமநிலை என்பது இன்ஜினின் மதிப்பீடு. பெரும்பாலும் உடைந்திருக்காது. நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது ஒரு கோட்டையாக இருக்கலாம். எதிராளியிடம் காய்பலம் கூடுதலாக இருக்கும், ஆனால் உள்ளே நுழைய வழி இருக்காது. இன்ஜின் காய்பலத்தைப் பார்த்து +4 சொல்கிறது, நுழைய முடியாது என்பது அதன் தேடல் எல்லைக்கு அப்பால் இருக்கிறது.

கண்டுபிடிக்கும் வழி எண் நகர்கிறதா என்று பார்ப்பது. உண்மையான வெற்றியில் ஆழம் (இன்ஜின் எத்தனை நகர்வு முன்னோக்கிப் பார்க்கிறது என்பது) கூடக் கூட எண் ஏறும். +4 ஐந்தாகும், ஏழாகும், கடைசியில் மேட் தெரியும். கோட்டையில் ஆழம் 30-இலும் +4, 45-இலும் +4. இன்ஜின் சொல்லும் நகர்வுகளையே இரு பக்கமும் ஆடிக்கொண்டு போங்கள். பலம் கூடிய தரப்பு ராஜாவை இங்கும் அங்கும் உலாத்திக்கொண்டிருந்தால் அதனிடம் திட்டம் இல்லை என்று பொருள். அப்போதும் அவசரப்பட்டு டிரா என்று எழுதிவிடாதீர்கள். சிப்பாயைத் தள்ளுவது, காயைத் தியாகம் செய்வது போன்று நிலையையே மாற்றும் நகர்வுகள் எவை என்று எழுதிவைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் நீங்களே ஆடிப் பாருங்கள். கோட்டை என்றால் அவை எல்லாமே தோற்க வேண்டும்.

எதிர்மாறாகவும் நடக்குமா? சரியான முதல் நகர்வை இன்ஜின் கண்டுபிடிக்காமல் போகுமா?

போகும். முன்னைவிட இப்போது குறைவு, ஆனால் போகும். காரணம் தெரிந்தால் எங்கே சந்தேகப்பட வேண்டும் என்பதும் தெரியும்.

இன்ஜின் எல்லா நகர்வுகளையும் ஒரே ஆழத்தில் பார்ப்பதில்லை. முதல் பார்வைக்குப் பயனற்றதாகத் தெரிபவற்றை மேலோட்டமாகப் பார்த்துவிட்டுத் தள்ளும். அதோடு இன்னொரு குறுக்குவழியும் வைத்திருக்கிறது. "என் முறையை எதிராளிக்கே விட்டுக்கொடுத்தாலும் நான் நல்ல நிலையில் இருக்கிறேனா? அப்படியென்றால் இந்தக் கிளையில் மேற்கொண்டு பார்க்கத் தேவையில்லை." சாதாரண ஆட்டத்தில் இது அருமையான யுக்தி, ஏனென்றால் ஆடும் முறை கிடைப்பது எப்போதும் லாபம்தான்.

ஸ்டடிகளில் அப்படியில்லை. வெள்ளை: ராஜா எஃப்5, சிப்பாய் இ4. கருப்பு: ராஜா டி4, சிப்பாய் இ5. இருவரும் சிப்பாய்களை இரு பக்கமும் கட்டிப்பிடித்து நிற்கிறார்கள். யார் முறையோ அவர் ராஜாவை விலக்க வேண்டும், விலக்கினால் சிப்பாய் போயிற்று, ஆட்டமும் போயிற்று. ஆட வேண்டிய கட்டாயமே ஆளைக் கொல்லும் இந்த நிலைக்கு ஸுக்ஸ்வாங் என்று பெயர். ஸ்டடி அமைப்பவர்களுக்கு இதுதான் சோறு. இப்படி வெறும் சிப்பாய் முடிவுகளில் இன்ஜின்கள் அந்தக் குறுக்குவழியைப் பயன்படுத்துவதில்லை, ஸ்டாக்ஃபிஷ் மிக ஆழமான தேடலில் மறுபரிசோதனையும் செய்துகொள்கிறது. ஆனால் காய்கள் உள்ள நிலைகளில் மறைந்து வரும் ஸுக்ஸ்வாங்கில் அது இன்னும் தாமதமாகத்தான் விழித்துக்கொள்ளும்.

பரிகாரம் எளிது. ஆசிரியரின் நகர்வை நீங்களே பலகையில் ஆடிவிட்டு அங்கிருந்து இன்ஜினைப் பார்க்கச் சொல்லுங்கள். வேரில் தள்ளிவிட்ட நகர்வை, கைபிடித்து அழைத்துப்போனால் சில நொடிகளில் ஒப்புக்கொள்ளும்.

எல்லா இன்ஜினும் ஒரே மாதிரி தடுமாறுவதும் இல்லை. 1987-இல் பிரஸ்ஸல்ஸ் போட்டியின் பத்திரிகையாளர் அறையில் ஜிம் பிளாஸ்கெட் கொண்டுவந்து வைத்த ஸ்டடி ஒன்று உண்டு. அமைத்தவர் நெதர்லாந்தின் கேய்ஸ் வான் பிரேகலன். அங்கிருந்த மாஸ்டர்கள் திணற, தீர்த்தவர் முன்னாள் உலக சாம்பியன் மிகைல் தால். பல வருடம் கழித்து ஆய்வாளர்கள் அதை இரண்டு இன்ஜின்களிடம் கொடுத்தார்கள். வரிசை வரிசையாகத் தேடும் ஸ்டாக்ஃபிஷ் தீர்த்தது, நரம்பு வலையை நம்பிச் சில வழிகளையே ஆழமாகப் பார்க்கும் லீலா தவறவிட்டது. ஸ்டடி சரிபார்க்க ஸ்டாக்ஃபிஷை முதலில் வையுங்கள் என்று நான் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

சரி, நடைமுறையில் எப்படிச் செய்கிறீர்கள்?

முடிவிலிருந்து தொடக்கத்துக்கு வருவேன். தீர்வின் கடைசி நிலையை வைத்து இன்ஜினை ஓட விடுவேன். அப்புறம் ஒரு நகர்வு பின்னால், இன்னொன்று பின்னால். இப்படிச் செய்தால் பின்னால் வரும் நிலைகளின் கணக்கு நினைவகத்தில் ஏற்கெனவே இருக்கும், முந்தைய நிலைகளை அது விரைவாகப் புரிந்துகொள்ளும். ஹேஷ் (இன்ஜின் தன் கணக்குகளைச் சேமிக்கும் நினைவகம்) அளவைக் கம்ப்யூட்டர் தாங்கும் அளவுக்குக் கூட்டிவைப்பதும் இதற்காகத்தான்.

வெள்ளையின் ஒவ்வொரு முறையிலும் முதல் மூன்று நகர்வுகளையாவது காட்டச் சொல்வேன். மல்டிபிவி என்ற அமைப்பு அதற்குத்தான். என் கண் முதல் வரியில் இருக்காது, இரண்டாவது வரியில் இருக்கும். முதல் வரி +8, இரண்டாவது 0.00 என்றால் நல்லது. இரண்டாவதும் +3 என்றால் உட்கார்ந்து அதை முழுக்க ஆடிப் பார்க்க வேண்டும். குக் ஒளிந்திருப்பது பெரும்பாலும் அந்த வரியில்தான்.

கருப்பின் முறையில் வேறு வேலை. ஆசிரியர் குறிப்பிடாத தடுப்பு எது பலமாக இருக்கிறது என்று பார்ப்பது. இதைப் பலர் சுருக்கமாக முடித்துவிடுகிறார்கள். எனக்கே நேர்ந்தது. மூன்று வாரம் செலவழித்து ஒரு யானை முடிவை அமைத்தேன். வெள்ளையின் ஒவ்வொரு நகர்வையும் இரவு முழுக்க ஓட விட்டுச் சரிபார்த்தேன். கருப்பின் நான்காவது முறையில் மட்டும், "ராஜாவை மூலைக்கு யார் கொண்டுபோவார்கள்" என்று விட்டுவிட்டேன். அந்த மூலையில் ஸ்டேல்மேட் இருந்தது. நண்பர் ஒருவர் தீர்க்க உட்கார்ந்து, பத்து நிமிடத்தில் அதைக் கண்டு எனக்குச் சொன்னார்.

கடைசியாகப் பொய்வழிகளைப் பார்ப்பேன். தீர்வைப் போலவே தோன்றி, ஒரு நூலிழையில் தோற்கும் நகர்வுகள் அவை. நல்ல ஸ்டடியில் பாதி அழகு அங்கேதான். இன்ஜின் அதற்கு 0.00 என்று மட்டும் போடும். எந்த ஒரு நகர்வால் அது தோற்கிறது, அந்த நகர்வு உண்மையான தீர்வில் ஏன் பலிக்கவில்லை என்று வாக்கியமாக எழுதிப் பாருங்கள். எழுத முடிந்தால்தான் ஸ்டடி உங்களுக்குப் புரிந்திருக்கிறது.

எவ்வளவு நேரம் ஓட விட வேண்டும்?

நேரத்தைவிட நிலைதான் கணக்கு. டேபிள்பேஸுக்குள் அடங்கினால் ஒரு நொடி. பத்து, பன்னிரண்டு காய்கள் என்றால் சந்தேகமான ஒவ்வொரு இடத்திலும் சில மணி நேரம். ஒரே நிலையில் இரவு முழுக்க ஓட விடுவதைவிட, ஒவ்வொரு கிளையாக உள்ளே போய்ப் பத்து நிமிடம் ஓட விடுவது பலன் தரும்.

ஏழு காய்களுக்கு மேல் உறுதியாகச் சொல்லவே முடியாதா?

சில வகைகளில் முடியும். பெத்ரோ பெரஸ் ரொமேரோ எழுதிய ஃபைனல்ஜென் என்ற மென்பொருள், இரு தரப்பிலும் சிப்பாய்களோடு அதிகபட்சம் தலா ஒரு காய் மட்டும் இருக்கும் நிலைகளுக்குத் தனி டேபிள்பேஸையே உருவாக்கித் தரும். சிப்பாய் முடிவுகளுக்கு இதை மிஞ்ச எதுவும் இல்லை. ஐக்கோ பிளைக்கரின் ஃப்ரீசர், சில காய்கள் நகராது என்று நாம் சொல்வதை ஏற்றுக்கொண்டு மீதியை முழுமையாகக் கணக்கிடும். கோட்டைகளைச் சரிபார்க்க அருமையான கருவி. ஆனால் "இந்தச் சிப்பாய் நகராது" என்று நீங்கள் சொல்வது தவறாக இருந்தால் பதிலும் தவறுதான்.

பழைய மேதைகளின் ஸ்டடிகள் நிறைய உடைந்துவிட்டனவாமே?

உண்மை. ஆனால் எப்படி உடைந்தன என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். சிலவற்றில் ஆசிரியர் கணக்குப் பிசகியிருக்கிறார். சிலவற்றில் அவர் காலத்து அறிவே வேறு.

இரண்டு பிஷப், எதிரே ஒரு குதிரை. 1851-இல் கிளிங், ஹோர்விட்ஸ் இருவரும் ஒரு தற்காப்பு நிலையைக் காட்டி, குதிரை அங்கே போய்ச் சேர்ந்தால் டிரா என்றார்கள். 130 வருடங்களுக்கும் மேல் புத்தகங்கள் அதை நம்பின. 1983-இல் கென் தாம்சனின் டேபிள்பேஸ், பொதுவாக இது வெற்றிதான், அதிகபட்சம் 66 நகர்வுகள் ஆகலாம், அவ்வளவுதான் என்றது. அந்தத் தற்காப்பு நிலையைச் சில நகர்வுகளில் கலைத்துவிட முடியும். குதிரை இன்னொரு மூலையில் மறுபடி அமைத்துக்கொண்டாலும் அங்கும் கலைக்கலாம். இந்த ஒரு தீர்ப்பால், "இரண்டு பிஷப்புக்கு எதிராகக் குதிரை கிடைத்தது, டிரா" என்று முடிந்த ஸ்டடிகளுக்கு அடித்தளமே போய்விட்டது. அவற்றை அமைத்தவர்கள் கவனக்குறைவானவர்கள் அல்லர். தங்கள் காலம் உறுதி என்று சொன்னதன் மேல் கட்டியவர்கள்.

உடைந்த ஸ்டடியை என்ன செய்வது?

பழுது பார்க்க முயலுங்கள். ஒரு சிப்பாயை ஒரு கட்டம் தள்ளிவைத்தால், மொத்த நிலையையும் ஒரு வரிசை நகர்த்தினால், முதல் இரண்டு நகர்வுகளை வெட்டினால் பல ஸ்டடிகள் உயிர்பெற்றுவிடும். அப்படித் திருத்தினால் மூல ஆசிரியரின் பெயரை முதலில் போட்டு, திருத்தம் உங்களுடையது என்று தனியாகக் குறிப்பிடுங்கள். உங்கள் பெயரை மட்டும் போடுவது திருட்டு, அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

திருத்திய நிலை சட்டப்படி சாத்தியமானதா என்றும் பாருங்கள். ஆட்டத்தின் தொடக்கத்திலிருந்து வர முடியாத நிலையை இன்ஜின் பெரும்பாலும் மறுப்பின்றி ஏற்றுக்கொள்ளும், நடுவர் ஏற்றுக்கொள்ள மாட்டார்.

இதே கருவை முன்பே யாராவது அமைத்திருந்தால்?

இன்ஜின் இதில் உதவாது. நெதர்லாந்தின் ஹரால்ட் வான் டெர் ஹெய்டன் பல பத்தாண்டுகளாகத் தொகுத்துவரும் தரவுத்தளத்தில் 90,000-க்கும் மேற்பட்ட ஸ்டடிகள் இருக்கின்றன. எவை உடைந்தவை என்ற குறிப்புகளும் அதில் உண்டு. கேடி காஸ்டெஃப், லூயிஸ் ஸ்டில்லர் உருவாக்கிய சிக்யூஎல் என்ற தேடல் மொழியைப் பழகிக்கொண்டால், "கடைசியில் குதிரையாக மாறி ஸ்டேல்மேட்டைத் தவிர்க்கும் ஸ்டடிகள்" போன்ற கேள்விகளை அந்தக் கடலில் தேடலாம். 1965-இல் ஜான் ராய்கிராஃப்ட் தொடங்கிய ஈஜி இதழின் பழைய பக்கங்களையும் புரட்டுங்கள்.

டேபிள்பேஸிலிருந்தே ஒரு நல்ல நிலையை எடுத்து ஸ்டடி என்று வெளியிடலாமா?

இதில் கருத்து வேறுபாடு உண்டு. என் எண்ணம் இது. டேபிள்பேஸில் தோண்டிக் கிடைத்த ஸுக்ஸ்வாங் ஒரு கச்சாப் பொருள். அதற்கு வந்துசேரும் பாதையை அமைத்து, எதிரே ஒரு பொய்வழியை நிறுத்தி, தீர்ப்பவர் வியக்கும்படி செய்தால் அது உங்கள் படைப்பு. "இங்கே ஒரே நகர்வுதான் ஜெயிக்கும், ஏனென்றால் டேபிள்பேஸ் சொல்கிறது" என்பதோடு நின்றால் அதில் படிப்பவருக்கு எதுவும் இல்லை. ஏன் அந்த ஒரே நகர்வு என்று ஒரு மனிதர் இன்னொரு மனிதருக்கு விளக்க முடிய வேண்டும்.

புதிதாக ஆரம்பிக்கிறேன். எதில் தொடங்கட்டும்?

மேலே சொன்ன ரேட்டியின் நான்கு காய்களைப் பலகையில் வையுங்கள். செல்போனைத் தள்ளிவைத்துவிட்டு, கருப்பு எப்படி ஆடினாலும் வெள்ளை எப்படித் தப்புகிறது என்று கையால் நகர்த்திப் பாருங்கள். எல்லாக் கிளையும் பிடிபட்ட பிறகு டேபிள்பேஸைத் திறந்து உங்கள் பதில்களை ஒப்பிடுங்கள். அப்புறம் ஹெச்5-இல் நிற்கும் கருப்புச் சிப்பாயை ஒரு கட்டம் இறக்கி ஹெச்4-இல் வைத்து, வெள்ளை ஆட வேண்டும் என்று மறுபடி கேளுங்கள். பதில் என்ன வருகிறதோ, அது ஏன் என்று டேபிள்பேஸ் சொல்லாது. அதை ஒரு தாளில் நீங்களே எழுதுங்கள்.